திரையை எங்கே நிறுத்துவது? நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்குப் புதிதாகப் போகும் ஆசிரியர்களுக்கு

பி.எட். படிப்பின் நடுவில் பள்ளிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்காகவும், இப்போதுதான் பணி ஆணை வாங்கிச் சேர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று எங்கே போட்டாலும் ஆசிரியர் அறையில் உங்களிடம் வரும் முதல் கேள்வி ஏறக்குறைய இதுதான்: "நீங்க புதுசு, கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத் தெரியும்லா? அந்த ஸ்மார்ட் போர்டைக் கொஞ்சம் பாருங்க." வயதைப் பார்த்துச் சொல்வது. போனில் ரீல்ஸ் பார்க்கத் தெரிந்தவருக்குத் திரையை வைத்துப் பாடம் நடத்தவும் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் குறைவு.

கருவியை இயக்கக் கற்பது ஒரு வாரத்து வேலை. பாடத்தின் நடுவில் அதை எங்கே நிறுத்த வேண்டும், நிறுத்தி என்ன கேட்க வேண்டும், எப்போது அணைத்துவிட வேண்டும் என்பதற்குத்தான் பயிற்சி தேவை. பத்து நிமிட வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டால் வகுப்பு கப்சிப் என்று இருக்கும். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் இந்த அமைதி என்று புதிய ஆசிரியர் நம்பிவிடுவார். அடுத்த நாள் அதே பாடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், தெரியும்.

முதலில் பள்ளியைச் சுற்றி வாருங்கள்

சேர்ந்த வாரத்திலேயே ஒரு இடைவேளையில் இதைச் செய்துவிடுங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஹைடெக் லேப் இருக்கும். உயர்நிலைக்குப் பத்து, மேல்நிலைக்கு இருபது என்ற கணக்கில் கணினிகள் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளி என்றால் ஸ்மார்ட் வகுப்பறைத் திரையும் ஆசிரியருக்கான டேப்லெட்டும் வந்திருக்கலாம். உதவிபெறும் பள்ளிகளில் பள்ளிக்குப் பள்ளி நிலைமை வேறு. நூறு வருஷம் தாண்டிய கட்டடம், முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த புத்தம்புது ப்ரொஜெக்டர், அதைச் செருக ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால். பாளையங்கோட்டையில் இது அதிசயமில்லை.

என்ன இருக்கிறது என்பதைவிட எது ஓடுகிறது என்று பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா? எச்.டி.எம்.ஐ. ஒயர் ப்ரொஜெக்டர் பெட்டியிலேயே இருக்கிறதா, இல்லை யாராவது எடுத்துப் போய்விட்டார்களா? மேற்குப் பக்க ஜன்னல் வழியாக மதியத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் அடிக்கிறதா? அடிக்கிறது என்றால் உங்கள் பாடவேளையைக் காலைக்கு மாற்றிக் கேளுங்கள். திரைச்சீலை வாங்கித் தருவார்கள் என்று காத்திருந்தால் வருஷம் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சாவி. லேப் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவு போட்டால் யாரிடம் இருக்கும் என்று அலுவலக அண்ணாச்சியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளோடு நிற்கிற பயிற்சி ஆசிரியர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொருள் இருப்பது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் பதிவில் தெரியும். சாவி இருக்கும் இடத்தை எந்தச் செயலியும் சொல்லாது.

பாடத்தில் முடிச்சு எங்கே என்று தேடுங்கள்

பி.எட். தேர்வுக்காக மூன்று வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். பாடம் தெரிவது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிவது வேறு, இரண்டும் சேரும் இடத்தில் ஆசிரியருக்கே உரிய ஓர் அறிவு இருக்கிறது என்று லீ ஷுல்மன் 1986இல் சொன்னார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்பம் என்ற மூன்றாவது வட்டத்தைச் சேர்த்தார்கள். வட்டத்தை வரைவது சுலபம். மூன்றும் சேரும் அந்த நடு இடத்துக்கு வகுப்பில் என்ன பொருள்? இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எது, அந்த இடத்தைக் கரும்பலகையால் காட்ட முடியாதா, திரையால் முடியுமா என்று கேட்டுக்கொள்வதுதான். பலகையால் முடியாத இடத்தில் மட்டும் திரையை எடுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஓர் உதாரணம். முக்கோணத்தின் செங்கோட்டு மையம் (உச்சிகளிலிருந்து எதிர்ப் பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக் கோடுகள் சந்திக்கும் புள்ளி) எப்போதும் முக்கோணத்துக்கு உள்ளேதான் இருக்கும் என்று பாதி வகுப்பு நம்பும். ஏனென்றால் நாம் பலகையில் வரைகிற முக்கோணம் எப்போதுமே அழகான குறுங்கோண முக்கோணம்தான். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு உச்சியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். மையம் நகர்ந்து நகர்ந்து, செங்கோணம் வரும்போது சரியாக உச்சியில் வந்து உட்காரும். இன்னும் இழுத்தால் வெளியே போய்விடும். இந்த நகர்வைச் சாக்பீஸால் காட்ட முடியாது. மறுபக்கம், வேப்பிலையின் நரம்பமைப்பைத் திரையில் காட்டுகிறவர்களையும் பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நிற்கும்போதே. அது வேண்டாம். ஆளுக்கு ஓர் இலை பறித்துக் கொடுத்தால் போதும்.

எதை எடுப்பது, எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். சில பாடங்களின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கமும் உண்டு. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டப்படியே காணொளிகள் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கும். அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் நல்லவை. மின்சுற்று, ஒளிவிலகல் எல்லாம் பிள்ளைகளே தொட்டு மாற்றிப் பார்க்கலாம். அவற்றில் பலவற்றுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். இருபது செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு எதையும் உருப்படியாகத் தெரியாமல் இருப்பதைவிட, உங்கள் பாடத்துக்கு இரண்டை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு பாடத்தை முழுசாகப் பார்ப்போம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் காரியம் ஆகாது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பருவக்காற்று வருகிறதல்லவா, அதை எடுத்துக்கொள்வோம். 'மலைத்தடுப்பு மழை', 'மழை மறைவுப் பகுதி' இரண்டையும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். அவர்களிடம் இதைக் கேளுங்கள்: ஆனி மாதம். பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறது, ஒரு தூறல் கிடையாது. ஆனால் பேப்பரில் பாபநாசம் அணை மட்டம் நேற்றைவிட ஏறியிருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

143 அடி பாபநாசம் அணையின் மட்டம் நம் ஊரில் தினமும் காதில் விழுகிற எண். டீக்கடையில் தாத்தாக்கள் அதைத்தான் பேசுவார்கள். அதனால் இந்தக் கேள்வி பாடநூலிலிருந்து வந்தது போலத் தோன்றாது.

திரையை இன்னும் போடாதீர்கள். ஒவ்வொருவரும் நோட்டில் ஒரே ஒரு வரியில் விடை எழுதட்டும். இரண்டு நிமிஷம் கொடுங்கள். "மலையில மழை பெஞ்சிருக்கும் சார்" என்றுதான் பெரும்பாலும் வரும். சரி. அடுத்த கேள்வி: பாபநாசத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கே பெய்கிற மேகம் இங்கே வர என்ன கஷ்டம்? இப்போது வகுப்பு திணறும். அந்தத் திணறல் இருக்கும்போதுதான் திரை வர வேண்டும். அதற்கு முன் வந்தால் வெறும் படம்.

கூகுள் எர்த்தில் உங்கள் பள்ளிக் கூரையிலிருந்து தொடங்குங்கள். "எங்க வீடு சார்! அந்தா, குளத்துப் பக்கம்!" என்று சத்தம் போடுவார்கள். ஒரு நிமிஷம் விட்டுவிடுங்கள், அடக்க வேண்டாம். அப்புறம் தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போங்கள். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம், காரையாறு. பொதிகை வந்ததும் படத்தைச் சாய்த்து, அரபிக்கடல் பக்கத்திலிருந்து மலையைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். 1,860 மீட்டருக்கு மேல் உயரமான அகத்தியர் மலை ஒரு சுவர் போல எழும்பும். கணினியில் கூகுள் எர்த் புரோ வைத்திருந்தால் அமைப்பில் மலையின் உயரத்தை மூன்று மடங்கு வரை மிகைப்படுத்திக் காட்டலாம். காட்டுங்கள், ஆனால் மிகைப்படுத்தியிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். படத்தில் பார்த்ததெல்லாம் நிஜ அளவு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே முதல் நிறுத்தம். படத்தை அப்படியே விட்டுவிட்டு, நோட்டில் குறுக்குவெட்டுப் படம் வரையச் சொல்லுங்கள். இடப்பக்கம் கடல், நடுவில் மலை, வலப்பக்கம் நம் ஊர். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஓர் அம்பு. மேகம் எங்கே உருவாகும், எங்கே மழை விழும் என்று அவரவர் ஊகத்தைக் குறிக்கட்டும். நீங்கள் வரிசைக்குள்ளே நடந்து பாருங்கள். மலைக்குக் கிழக்கே பெருமழையை வரைந்திருக்கிற நோட்டுகள் சில இருக்கும். திட்ட வேண்டாம். எந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது என்று அவைதான் உங்களுக்குக் காட்டித் தருகின்றன.

அடுத்து விண்டி தளத்தில் காற்றோட்டப் படம். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குள் பாடம் வந்தால் அன்றைய காற்றையே காட்டலாம். மற்ற மாதம் என்றால், ஆடியில் ஒரு நாள் போனில் திரைப்பதிவு செய்து வைத்திருங்கள். கோடுகள் மலைச்சுவரில் மோதி, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருவதைப் பார்க்கலாம். இரண்டாவது நிறுத்தம் இங்கே. "சுவரில் சந்து இருந்தால் காற்று என்ன செய்யும்?" பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனுக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆடி மாதம் மேகாத்தில், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில், சைக்கிள் மிதித்து வந்தவன் அவன். அங்கே இத்தனை காற்றாலை ஏன் நிற்கிறது என்று அவனே வகுப்புக்கு விளக்குவான்.

இப்போது திரையை அணைத்துவிடுங்கள். மங்கலாக்கி வைப்பது போதாது. வெளிச்சம் இருக்கிற வரை கண் அங்கேதான் போகும்.

மீதிப் பாடத்துக்கு ஒரு சைக்கிள் பம்ப் வேண்டும். வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகிறது. நன்றாகக் காற்றடித்த டியூபின் வால்வைத் திறந்து கையை வைத்தால் வருகிற காற்று சில்லென்று இருக்கும். விரிந்தால் குளிர்கிறது. மலையேறுகிற காற்று விரிகிறது, குளிர்கிறது, அதிலுள்ள நீராவி துளியாகி மழையாகிறது. இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அமுங்கிச் சூடாகிறது, மேகம் கரைகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடாகும் என்று பலகையில் எழுதுங்கள். இந்தக் கையில் சுட்ட அனுபவம் எந்த அனிமேஷனிலும் வராது. கடைசியில் நோட்டில் முதலில் எழுதிய அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.

குற்றாலத்துக்குச் சாரல் வருகிறதே, அது மட்டும் எப்படி என்று யாராவது கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். படத்தை நாளைக்கு மறுபடி திறப்பதற்கு அது ஒரு காரணம்.

முழுப் பாடவேளையில் திரை எரிந்தது எட்டு நிமிஷத்துக்குள்தான். கரண்ட் போயிருந்தால்? பேப்பர் துணுக்கு, பலகையில் குறுக்குவெட்டு, சைக்கிள் பம்ப் மூன்றையும் வைத்து இதே பாடம் நடந்திருக்கும். அப்படி நடக்கும் பாடத்தைத்தான் எழுத வேண்டும். பாடத்திட்டத் தாளில் 'கற்பித்தல் துணைக்கருவி' என்ற கட்டத்தில் 'ப்ரொஜெக்டர்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதற்குப் பதில் அந்த இடத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த நிமிஷத்தில் நிறுத்துவேன், நிறுத்தி என்ன கேட்பேன், கரண்ட் போனால் என்ன செய்வேன்.

ஆறு நிமிஷ ஒத்திகை

1963இல் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலன் குழுவினர் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தலை நம் கல்வியியல் கல்லூரிகள் இன்னும் நடத்துகின்றன. பலர் அதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். அதையே இதற்குப் பயன்படுத்துங்கள். ஐந்தாறு நண்பர்களை உட்கார வைத்து, மேலே சொன்ன பாடத்தில் ஒரே ஒரு நிறுத்தத்தை மட்டும் ஆறு நிமிஷம் நடத்துங்கள். பின்னால் ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். அப்புறம் அதைப் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்துங்கள்.

பதிவில் எதைக் கவனிப்பது? எத்தனை நேரம் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையோடு பேசினீர்கள் என்று முதலில் பாருங்கள். சங்கடமாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். அடுத்து, கேள்வி கேட்டபின் எவ்வளவு காத்திருந்தீர்கள்? பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கண்டறிந்தார். மூன்று வினாடியாவது பொறுத்தால் பிள்ளைகளின் விடை நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். கையில் மவுஸ் இருந்தால் அந்த மூன்று வினாடி பொறுப்பது இன்னும் கஷ்டம். விரல் தானாகவே 'அடுத்து' பொத்தானுக்குப் போகும். ஒத்திகையில் அந்த விரலைப் பழக்குங்கள்.

பணியில் இருப்பவர்களுக்கு முனைஞ்சிப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வழியாகப் பயிற்சிகள் வரும். போங்கள். ஆனால் அங்கே கருவியைக் காட்டுவார்கள், உங்கள் வகுப்பை அவர்கள் பார்த்ததில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரைப் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லி வாங்கும் கருத்துக்கு ஈடு கிடையாது.

கரண்ட், சிக்னல், எழுத்துரு

இவை சில்லறைச் சமாசாரங்கள்தான். பாடம் கெடுவது இவற்றால்தான்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும். உங்கள் துணைமின் நிலையம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் காலை ஒன்பது மணிக்கு மேல் ஏமாற வேண்டியிருக்காது. சிக்னல் விஷயத்தில் மாஞ்சோலை, காரையாறு பக்கம் மட்டுமில்லை, தேரிக்காட்டு ஊர்கள் சிலவற்றிலும் நெட்டை நம்பிப் பாடம் எழுத முடியாது. முந்தின இரவே இறக்கி, போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபை நேரடியாக வகுப்பில் திறப்பதை நான் கூடியவரை வேண்டாம் என்பேன். ஒளிச்சிதறல் பாடத்துக்கு நடுவில் ரம்மி விளம்பரம் வந்தால் அப்புறம் அந்தப் பாடவேளை உங்கள் கையில் இல்லை.

போனைத் திரையோடு இணைக்கும் முன் விமானப் பயன்முறையில் போடுங்கள். வங்கிக் கணக்கு மீதியும், வீட்டிலிருந்து வரும் "வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா"வும் நாற்பது பேர் படிக்க வேண்டியவை அல்ல.

மின்விசிறிச் சத்தத்தில் லேப்டாப் ஒலி மூன்றாவது பெஞ்சோடு நின்றுவிடும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். ஆனால் நான் பல நேரம் வீடியோவின் ஒலியை அணைத்துவிட்டு ஆசிரியரே பேசட்டும் என்பேன். பிள்ளைகளுக்கு உங்கள் பேச்சு பழக்கம், வேகத்தையும் நீங்களே குறைக்கலாம்.

பழைய வினாத்தாள்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கலாகத் தெரியும். புதிதாக எதைத் தயாரித்தாலும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், தமிழ்99 விசைப்பலகை பழகிவிட்டால் வேகம் வரும். அவசரத்துக்குப் போனில் பேசியே எழுத்தாக்கலாம், திருத்திப் படிக்க மட்டும் மறக்கக் கூடாது. திரையில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்தளவு போதுமா என்று கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள்.

பார்வைக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். பாளையங்கோட்டையில் இந்த இரு சாராருக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே தனிப் பள்ளிகள் தொடங்கிவிட்டன. இன்று பலர் பொதுப் பள்ளியிலும் படிக்கிறார்கள். திரையில் தெரிவதை எல்லாம் வாயாலும் சொல்லுங்கள், வீடியோவுக்கு வசன எழுத்து இருந்தால் போடுங்கள். 'இங்கே பாருங்க, இது அங்கே போகுது' என்று சொன்னால் பார்க்க முடியாத பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆற்றங்கரைப் பள்ளி என்றால் ஐப்பசி பிறந்ததும் லேப்டாப்பையும் யுபிஎஸ்ஸையும் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து மேலே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.

லேபில் யார் பக்கத்தில் யார்

பத்தோ இருபதோ கணினி, ஐம்பது பிள்ளைகள். ஒரு திரைக்கு இரண்டு மூன்று பேர் உட்கார்வது தவிர்க்க முடியாது. விட்டுவிட்டால் மவுஸ் ஒருவன் கையிலேயே இருக்கும். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியில் அது யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் இயக்க வேண்டும், மற்றவர் அடுத்து என்ன செய்வது என்று வாயால் சொல்ல வேண்டும், மவுஸைத் தொடக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையைத் தட்டி மாற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு, நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் போவது சரியில்லை. யாரோடு உட்கார்வது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்ய விட்டால், கையில் கட்டிய கயிற்றின் நிறப்படி பிரிந்து உட்காரும் வகுப்புகள் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி வெறியில் வெட்டப்பட்டதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுக்கவும் 2024இல் பரிந்துரைத்தது. லேபில் இதைச் செய்வது வகுப்பறையைவிட எளிது. கணினி எண்ணும் வருகை எண்ணும் ஒன்று என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். காரணம் எதுவும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே திரையை இரண்டு பேர் பார்த்து ஒரு வேலையை முடிக்க வேண்டியிருந்தால் பேசித்தான் ஆக வேண்டும்.

வீட்டுப் போன், வகுப்பு வாட்ஸ்அப், படம்

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் அம்மாமார் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். இந்த நிலையில் "வீடியோ பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், போன் இல்லாத பிள்ளைக்கு அது தண்டனை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகத் தட்டச்சு செய்யாமல் அரை நிமிஷக் குரல் பதிவாகப் போட்டால், எழுத்து வராத ஆச்சியும் கேட்டுப் புரிந்துகொள்வார். பயிற்சி ஆசிரியர்கள் மாணவர்களின் சொந்த எண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பவே வேண்டாம். பதில் சொல்ல வேண்டியிருந்தால் பெற்றோர் இருக்கும் குழுவில் சொல்லுங்கள்.

படம் எடுப்பது இன்னும் பெரிய விஷயம். வகுப்பில் பிள்ளைகளை ஆட வைத்து, பாட வைத்து, அதை ரீல்ஸாகப் போட்டு லைக் வாங்குகிற வழக்கம் பரவிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. விடை தெரியாமல் விழிக்கிற பிள்ளையின் முகம் உங்கள் கணக்கில் வருஷக்கணக்காகக் கிடக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒத்திகைக்கோ பயிற்சிக் கோப்புக்கோ பதிவு வேண்டுமென்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பின்னாலிருந்து, முகம் தெரியாமல் எடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பள்ளிக் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது மறக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே கணக்கை எண்களை மாற்றிப் பத்து விதமாக எழுத, கடினமான பத்தியை எளிய தமிழில் மாற்றிப் பார்க்க அவை உதவும். ஆனால் தமிழில் கலைச்சொல்லைத் தானாகவே புதிதாக உருவாக்கிவிடும், பாடநூலில் உள்ள சொல்லைப் போடாது. இல்லாத ஊரையும் நடக்காத சம்பவத்தையும் நம்பும்படி எழுதும். அதனால் ஒவ்வொரு வரியையும் பாடநூலோடு ஒத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டு நிலவரம் எதையும் அதற்குள் போடாதீர்கள்.

பாடம் முடிந்த அன்று மாலை

வீட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூன்று வரி எழுதி வையுங்கள்: எந்த நிறுத்தத்தில் பேச்சு வந்தது, எந்த நிறுத்தத்தில் ஒன்றும் வரவில்லை, எந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். அடுத்த பிரிவுக்கு அதே பாடத்தை எடுக்கும்போது இந்த மூன்று வரிதான் உங்கள் பாடத்திட்டம்.

படங்கள், திரைப்பதிவுகளுக்கு 'புதிய கோப்பு 3' என்று பெயர் வைக்காதீர்கள். வகுப்பு, பாடம், அலகு எண், எந்த நிமிஷத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பெயரிலேயே இருக்கட்டும்: '10 சமூக அறிவியல், பருவக்காற்று, 1.40இல் நிறுத்தவும்'. பயிற்சி முடிந்து கிளம்பும்போது அந்தக் கோப்புறையை வழிகாட்டி ஆசிரியரின் பென் டிரைவில் போட்டு, கூடவே அந்த மூன்று வரிக் குறிப்புகளையும் கொடுத்துவிட்டு வாருங்கள். லேப் சாவியை வாங்கியிருந்தால், அதையும்.